ஆசிரியராக விண்ணப்பிப்போர் கவனத்திற்கு

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாளிலிருந்து என் கைப்பேசி ஓயாது. பழைய மாணவர்கள், அவர்களுடைய அக்காமார், கோயிலில் பார்த்துப் பழகிய அம்மாமார் என்று பலர் அழைப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், ஆசிரியர் பயிற்சிக்கு எப்படிப் போடுறது?" ஆண்டு மலருக்குப் பாடக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பேரவைத் தம்பி தங்கையர் கேட்டபோது புணர்ச்சி விதியோ சங்க இலக்கியமோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மனம் மாறியது. புணர்ச்சி விதிக்கு நல்ல நூல்கள் இருக்கின்றன. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சரியான நேரத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா பால்மரம் வெட்டினார். 2000ஆம் ஆண்டு எஸ்.பி.எம். எழுதிவிட்டு, அடுத்த ஆண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். அன்று எல்லாம் காகிதப் பாரம்தான். முகவரிக் கட்டத்தில் லயத்தின் வீட்டு எண்ணையும் தோட்டத்தின் பெயரையும் அழகாக எழுதினேன். ஆனால் தபால்காரர் எங்கள் லயத்துக்கு வரமாட்டார். கடிதங்களெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். யாராவது அந்தப் பக்கம் போனால் கையில் கொடுத்தனுப்புவார்கள். என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் அங்கே ஒரு மேசையில் கிடந்திருக்கிறது. அப்பா சம்பளம் வாங்கப் போன நாளில்தான் அது அவர் கைக்கு வந்தது. தேர்வு நாள் கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டவுனில் இருந்த அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத்தான் தோன்றவில்லை; தோன்ற வைக்கவும் ஆள் இல்லை. பிறகு படிவம் ஆறு, பல்கலைக்கழகம், கே.பி.எல்.ஐ. என்ற பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பயிற்சி என்று சுற்றி வளைத்து வந்துதான் ஆசிரியை ஆனேன்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேலை ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் பள்ளியைக் கேட்டதே தவிர, பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் பல. மலாய் ஆசிரியர்களுக்கென்று தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டிலேயே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்துவிட்டது. அதே பேராக் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அப்படியோர் இடம் அன்று இல்லை. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதைத் தொடர்ந்த கல்விச் சட்டங்களும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்த பிறகே எங்கள் ஆசிரியர்களுக்கும் முறையான பயிற்சி, அரசாங்கச் சம்பளம், ஓய்வூதியம் என்பவை நிலைபெற்றன. தோட்டத்தில் வெயில் ஏறும் முன் வேலைக்காட்டுக்குப் போகாமல், சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கும் தமிழர் ஒருவர் உண்டென்றால் அவர் வாத்தியார்தான். மருத்துவரும் வழக்கறிஞரும் எங்கோ டவுனில் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஏணி இது ஒன்றே.

அந்த ஏணியின் முதல் படி காலத்துக்குக் காலம் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஏழாம் வகுப்புத் தேறியவர் ஆசிரியராகலாம் என்றிருந்தது ஒரு காலம். பிறகு எஸ்.பி.எம். சான்றிதழோடு பயிற்சிக் கல்லூரி. 1996இல் பயிற்சிச் சான்றிதழ் டிப்ளோமாவாயிற்று. 2007இல் ஆசிரியர் பயிற்சி நிலையங்களிலேயே இளங்கலைப் பட்டப்படிப்பு தொடங்கியது, பி.ஐ.எஸ்.எம்.பி. என்று நாம் சொல்வது அதைத்தான். 2009ஆம் ஆண்டிலிருந்து அந்நிலையங்கள் ஆசிரியர் கல்விக் கழகங்கள் என்று பெயர் பெற்றுள்ளன. ஈப்போ வளாகம் உலு கிந்தாவில் இருக்கிறது. தஞ்சோங் மாலிம் கல்லூரியும் 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆக, ஆசிரியராவதற்கான இரண்டு பெரிய வாசல்கள் பேராக் பிள்ளைகளுக்குப் பேருந்து தூரத்தில் உள்ளன. இருந்தும் பல பிள்ளைகள் வாசல் வரைகூட வருவதில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாடம்.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஈப்போ, புந்தோங்கில் ஒரு சிறிய மண்டபத்தில் நாங்கள் சில ஆசிரியர்கள் மடிக்கணினிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விண்ணப்பம் செய்ய உதவிக்கொண்டிருந்தோம். சிம்மோர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி பாட்டியோடு வந்தாள். எட்டு ஏ. பாட்டி அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் குடும்பம் மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டது. பேத்தி தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்பது பாட்டியின் ஆசை; பேத்தியின் ஆசையும் அதுவே. மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். மீண்டும் பார்த்தேன். தமிழ்மொழி இல்லை.

"தமிழ் எடுக்கலையாம்மா?"

"ஃபார்ம் ஃபோர்ல விட்டுட்டேன் டீச்சர். கிளாஸ் ஸ்கூல் முடிஞ்சு மூணு மணிக்கு. அதுக்கப்புறம் பஸ் கிடைக்காது. அதோட, தமிழ்ல பி வந்தா ரிசல்ட் கெட்டுப்போயிடும்னு சொன்னாங்க."

சற்று நேரம் நான் பேசவில்லை. அவளே கேட்டாள்: "யு.பி.எஸ்.ஆர்.ல எனக்குத் தமிழ் ரெண்டு பேப்பரும் ஏ டீச்சர். அது போதாதா?"

போதாது. தமிழ்ப்பள்ளிக்கென ஒதுக்கப்படும் துறைகளுக்கு எஸ்.பி.எம். தமிழ்மொழித் தாள் அவசியம். தமிழ் கற்பிக்க மட்டுமல்ல, தமிழ்ப்பள்ளியில் கணிதமோ அறிவியலோ கற்பிக்க விரும்பினாலும் அப்படித்தான். அந்த மாணவி பின்னர் கணக்கியல் படித்து ஈப்போவிலேயே நல்ல வேலையில் இருக்கிறாள். அவள் வாழ்க்கை ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனால் அவள் பட்டியலைப் பார்த்த நாளிலிருந்து, மார்ச் மாதத்தில் மண்டபம் பிடித்து உதவுவதால் மட்டும் காரியம் ஆகாது என்று எனக்குப் புரிந்தது. அவளுடைய விண்ணப்பம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, படிவம் நான்கின் முதல் வாரத்தில், மாலைப் பேருந்து நேரத்தாலே தள்ளுபடி ஆகிவிட்டிருந்தது.

இன்னும் பின்னால் போக வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்பு நடத்தப்பட வேண்டும். பதினைந்து என்பது பெரிய எண்ணா? புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ இல்லை. ஆனால் தோட்டங்கள் கலைந்தபின் நம் குடும்பங்கள் பல தாமான்களுக்குச் சிதறிவிட்டன. ஒரு பள்ளியில் ஒன்பது பேர், அடுத்ததில் ஆறு பேர் என்று இருக்கிறார்கள். கேட்க வேண்டியவர் பெற்றோர். பல பெற்றோருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. எனவே படிவம் ஒன்றில் சேகரிக்கப்படாத கையெழுத்து, படிவம் நான்கில் இல்லாத வகுப்பாகி, எஸ்.பி.எம். பட்டியலில் இல்லாத பாடமாகி, கடைசியில் தமிழ்ப்பள்ளியில் இல்லாத ஆசிரியராக முடிகிறது. பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள். நாட்டிலேயே அதிகமான எண்ணிக்கை இதுதான். பல பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' இன்னும் இருக்கிறது, தோட்டம்தான் இல்லை. பிள்ளைகள் வேனில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு யார் பாடம் சொல்லப் போகிறார்கள் என்பதை அந்தப் பதினைந்து கையெழுத்தும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

தமிழ் எடுத்தால் மதிப்பெண் கெடும் என்ற அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டு எஸ்.பி.எம். பாடங்களைப் பத்துக்குள் அடக்கும் அறிவிப்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று நம் சமுதாயம் எழுந்து குரல் கொடுத்தது. அதன்பின் 12 பாடங்கள் வரை அனுமதிக்கப்பட்டது. அன்று தெருவுக்கு வந்து கேட்டோம். இன்று தடை இல்லாதபோது நம் வீட்டுப் பிள்ளையே கைவிடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் வருத்தத்தைவிடக் கோபமே அதிகம். பாடத்தை விடச்சொல்லி அறிவுரை கூறுபவர்கள், விட்டால் எந்தக் கதவு மூடும் என்பதையும் சேர்த்துக் கூற வேண்டாமா?

இனி, தமிழ் எடுத்துத் தேறி வந்த பிள்ளைக்குரிய செய்திகள். அண்மைய ஆண்டுகளில் பி.ஐ.எஸ்.எம்.பி. படிப்புக்கு எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது 5 பாடங்களில் ஏ நிலை கேட்கப்படுகிறது. ஏ-மைனசும் ஏ நிலைதான். இது தெரியாமல் விண்ணப்பிக்காதிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் கிரெடிட் இருக்க வேண்டும். துறைக்குத் துறை கூடுதல் நிபந்தனைகள் உண்டு. அவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் வரிவரியாகப் படிக்க வேண்டும். சென்ற ஆண்டு அண்ணன் சொன்னதை நம்பக்கூடாது. வயது வரம்பு இருப்பதால் படிவம் ஆறு முடித்துவிட்டு வரலாம் என்று தள்ளிப்போடவும் கூடாது. துறையைத் தெரிவு செய்யும்போது தமிழ்ப்பள்ளிக்குரியது என்ற குறிப்பு உள்ளதா என்று இருமுறை பாருங்கள். வெறும் 'கணிதம்' என்று தொட்டுவிட்டு, தேசியப்பள்ளிக்குரிய துறையில் போய் உட்கார்ந்தவர்கள் உண்டு.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, எஸ்.பி.எம். சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நம் பெயர்களை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்த தொல்லை தாத்தா காலத்திலிருந்து தொடர்கிறது. முகவரிச் சிக்கல் எனக்கு நேர்ந்தது போல இன்று நேராது என்று நினைக்காதீர்கள். அழைப்பு இணையத்தளத்திலும் மின்னஞ்சலிலும் வருகிறது. முன்கட்டணச் சிம்மை மாற்றிவிட்டு, பழைய எண்ணோடு மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் இழந்து தவிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கிராணியின் மேசை இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

அடுத்தது தகுதித் தேர்வு. ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிப்போர் உஜியான் கெலாயாக்கான் சாலோன் குரு எனப்படும் ஆசிரியர் வேட்பாளர் தகுதித் தேர்வையும், பல்கலைக்கழகங்களின் கல்வியியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்போர் மெட்சி தேர்வையும் சந்திக்கிறார்கள். என் காலத்தில் கே.பி.எல்.ஐ.க்கு எம்-டெஸ்ட் என்ற ஒன்று இருந்தது. பெயர்கள் மாறினாலும் நோக்கம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் 'டெட்' என்று சொல்வார்கள். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த அத்தேர்வு தமிழகத்தில் 2012இல் முதன்முறை நடந்தது. 150 கேள்விகள், பாட அறிவும் குழந்தை உளவியலும் கேட்பார்கள். 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் அதில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கள் மீண்டும் புத்தகத்தைத் திறக்க வேண்டிய நிலை அது.

நம்முடைய மெட்சி அப்படிப்பட்டதன்று. ஆளுமை, தொழில் நாட்டம், நேர்மை, உணர்வு நுண்ணறிவு ஆகியவற்றை அளக்க நீண்ட வரிசையாகக் கூற்றுகள் வரும். உங்களுக்குப் பொருந்துமா இல்லையா என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். இதற்கு மனப்பாடம் உதவாது. கடைகளில் விற்கும் மாதிரி வினாத் தொகுப்புகளைப் பணம் கொடுத்து வாங்குவது வீண் என்பது என் கருத்து. 'நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை' என்பது போன்ற கூற்று வந்தால் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள ஆம் என்று போடத் தோன்றும். இத்தகைய தேர்வுகளில் ஒரே செய்தி வேறு சொற்களில் மீண்டும் வரும்; முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொன்னால் தெரிந்துவிடும். உண்மையைக் குறித்துவிட்டு வேகமாக நகருங்கள். பிள்ளைகள் தடுமாறும் இடம் உண்மையில் மொழிதான். கூற்றுகள் மலாய்மொழியில் இருக்கும். எதிர்மறை வாக்கியத்தைப் பாதி படித்துவிட்டு நேர்மாறாகக் குறித்துவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்திய சில வாரங்கள் தினமும் ஒரு மலாய் நாளிதழைச் சத்தமாகப் படித்தாலே இந்தக் குறை தீரும்.

நேர்முகத் தேர்வில் தேசியக் கல்விக் கோட்பாட்டை ஒப்பிக்கச் சொன்னால் எல்லாரும் ஒப்பித்துவிடுவார்கள். 1988இல் வகுக்கப்பட்ட அந்தக் கோட்பாட்டில் உடல், உணர்வு, ஆன்மிகம், அறிவு என்ற நான்கும் சமநிலையில் வளர வேண்டும் என்றிருக்கிறதே, அதை 12 பிள்ளைகள் மட்டுமே உள்ள வகுப்பில் எப்படிச் செய்வாய் என்று கேட்டால் வாயடைத்துப் போகிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை என்பதால் இந்தக் கேள்வி வெறும் கற்பனையன்று. யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்ட பிறகு பிள்ளையின் அடைவை எப்படி அறிவாய் என்றும் கேட்கலாம். "ஏன் ஆசிரியராக விரும்புகிறாய்?" என்பது எப்போதும் வரும் கேள்வி. "இது புனிதமான பணி" என்ற பதிலை அதிகாரிகள் காலையிலிருந்து நாற்பது முறை கேட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தபோது அவன் எங்கே தடுமாறினான், நீ என்ன செய்தாய் என்று சொல். புறப்பாடச் சான்றிதழ்களை ஆண்டு வரிசையில் கோப்பில் அடுக்கிக் கொண்டு போ. ஜொகூருக்கு அனுப்பினால் போவாயா என்றால், வீட்டில் பேசி முடித்த பதிலைச் சொல். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்ற பதிலும் வந்திருக்கிறது!

பட்டதாரி நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. கே.பி.எல்.ஐ. இப்போது இல்லை. கல்வி அமைச்சு அறிவிக்கும்போது பட்டதாரிகளுக்கான கல்வியியல் டிப்ளோமா வழி திறக்கிறது. நியமனத்துக்குக் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வும் உண்டு. தமிழை முதன்மைப் பாடமாகப் படித்தவர்கள் இவ்வறிவிப்புகளைத் தவறாமல் கவனித்து வாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது வேறொன்று. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நீங்கள் படித்த இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இன்னும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடக்கவில்லையென்றால் படிவம் ஒன்றில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நான் இருக்கும் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கு இப்படிக் கணக்கெடுத்தோம். பதினொரு கையெழுத்து முதல் வாரத்திலேயே கிடைத்தது. பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் கோயில் திருவிழாவில் கிடைத்தன. பதினான்காவது பெற்றோர் இரவு வேலைக்காரர். அவர் வீட்டுக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. பதினைந்தாவது கையெழுத்து அவருடைய தம்பியிடமிருந்தே வந்தது. வகுப்பு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நடக்கிறது. பேருந்துப் பிரச்சினைக்கு வேன் ஒன்றை மூன்று குடும்பங்கள் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்கள்.